நெஞ்சுக்கு 120, மார்பகத்துக்கு 28

நல்ல எக்ஸ்-ரே படம் என்றால் கறுப்பும் வெள்ளையும் பளிச்சென்று பிரிந்து நிற்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். நோயாளிகள் மட்டுமல்ல, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கும் மருத்துவர்களிலும் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. எந்தப் பாதி சரி என்பதை விளக்க, ஒரே உடம்பின் முன்பக்கத்தில் சில சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு உறுப்புகள் போதும்: விலா எலும்புக்கு உள்ளே நுரையீரல், வெளியே மார்பகம்.

நெஞ்சுப் படம் எடுக்கும் அறையில் குழாயின் மின்னழுத்தத்தை 110 முதல் 125 கிலோவோல்ட் வரை வைக்கிறார்கள். மாமோகிராம் அறையில் அது 25 முதல் 32தான். நெஞ்சுக்கு 2 அல்லது 3 எம்.ஏ.எஸ் (குழாயின் மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கிய அளவு) போதும், மார்பகத்துக்கு 80, 100 என்று போகும். நெஞ்சுப் படம் நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். மாமோகிராமுக்கு ஒரு நொடி வரை பிடிக்கும். குழாயின் தூரம், ஆனோடின் உலோகம், வடிகட்டி, கதிர் பிறக்கும் புள்ளியின் அளவு என்று எதை எடுத்தாலும் இரண்டு அறைகளும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. பழக்கத்தால் வந்த வேறுபாடல்ல இது. ஓர் உறுப்பில் வேறுபாடு இயற்கையிலேயே அளவுக்கு மீறி இருக்கிறது, மற்றதில் தேடினாலும் கிடைக்காத அளவுக்குக் குறைவாக இருக்கிறது. முதலாவதில் அதை அடக்க வேண்டும், இரண்டாவதில் அதைப் பிழிந்து எடுக்க வேண்டும்.

நெஞ்சுக்கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். காற்று நிரம்பிய நுரையீரலின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான். அதன் நடுவே ரத்தம் நிறைந்த இதயம். பின்னால் முதுகெலும்பு, சுற்றிலும் விலா எலும்புகள். எலும்பில் கால்சியம், அதன் அணு எண் 20. தசைக்கோ சராசரியாக ஏழரைக்குள். காற்று, தண்ணீர், எலும்பு மூன்றும் அருகருகே கிடக்கின்றன. மார்பகத்தில் எலும்பும் இல்லை, காற்றும் இல்லை. கொழுப்பும் சுரப்பித் திசுவும் மட்டும். புற்றுக்கட்டி வந்தால் அது சுரப்பித் திசுவைப் போலவேதான் கதிரைத் தடுக்கும். 20 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் ஒரு சென்டிமீட்டருக்கு இவை கதிரைத் தடுக்கும் அளவைக் கணக்கிட்டால் கொழுப்புக்கு ஏறத்தாழ 0.45, சுரப்பித் திசுவுக்கு 0.80, புற்றுத் திசுவுக்கு 0.85. கடைசி இரண்டுக்கும் இடையே இருக்கும் அந்தச் சிறு வித்தியாசத்தில்தான் ஒரு பெண்ணின் உயிர் தங்கியிருக்கிறது.

எக்ஸ்-கதிர் திசுவுக்குள் இரண்டு விதமாகத் தடைபடுகிறது. ஒன்று ஒளிமின் விளைவு. கதிர்த்துகள் தன் ஆற்றல் முழுவதையும் அணுவின் உள்வட்டத்து எலக்ட்ரான் ஒன்றிடம் கொடுத்துவிட்டு மறைந்துபோகும். அணு எண் கூடினால் இது ஏறக்குறைய மும்மடியாகக் கூடும். கதிரின் ஆற்றல் கூடினால் மும்மடியாகக் குறையும். ஆற்றலை இரண்டு மடங்காக்கினால் விளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். மற்றது ஆர்தர் காம்ப்டன் 1923இல் விளக்கிய சிதறல். அதில் கதிர்த்துகள் எலக்ட்ரானில் மோதிக் கொஞ்சம் ஆற்றலை இழந்து திசைமாறிப் போகும். அணு எண் என்ன என்பது இதற்கு ஒரு பொருட்டே அல்ல. எவ்வளவு நெருக்கமாக எலக்ட்ரான்கள் இருக்கின்றன என்பதுதான் கணக்கு. எலும்பையும் தசையையும், தசையையும் கொழுப்பையும் கூர்மையாகப் பிரித்துக் காட்டுவது ஒளிமின் விளைவு. காம்ப்டன் சிதறல் மேலோங்கும்போது அந்த வித்தியாசம் மங்கி, அடர்த்தி ஒன்றே பேசும்.

மென்திசுவில் இந்த இரண்டும் சமபலத்தில் இருப்பது 25 முதல் 30 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில். குழாயில் 28 கிலோவோல்ட் வைத்தால் வெளிவரும் கதிரின் சராசரி ஆற்றல் 17, 18. அதாவது சமநிலைப் புள்ளிக்குக் கீழே, ஒளிமின் விளைவு ஆளும் பகுதியில். 120 வைத்தால் சராசரி 55, 60. காம்ப்டன் ஆளும் பகுதியில். மாமோகிராமும் நெஞ்சுப் படமும் அந்தப் புள்ளியின் இரு கரைகளையும் தேர்ந்தெடுத்துக்கொண்டன.

நெஞ்சை 65 அல்லது 70 கிலோவோல்ட்டில் எடுத்தால் என்ன ஆகும்? படம் அழகாக இருக்கும். விலா எலும்புகள் வெள்ளைக் கோடுகளாகத் துலங்கும், நுரையீரல் நல்ல கறுப்பாக இருக்கும், இதயம் பாலாக வெளுத்திருக்கும். பளிச்சென்ற படம் கேட்பவருக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு விலா எலும்பும் தனக்குப் பின்னால் இருக்கும் நுரையீரல் துண்டை மறைத்துக்கொள்ளும். இதயத்தின் பின்னால் ஒன்றும் தெரியாது. நுரையீரலின் ஏறத்தாழ கால் பங்கு இதயத்துக்கும் நடுமார்புக்கும் உதரவிதானத்துக்கும் பின்னால்தான் இருக்கிறது. வெள்ளைக்குள் வெள்ளையாக அங்கே ஒரு கட்டி இருந்தாலும் தப்பிவிடும். 120க்கு ஏற்றினால் எலும்பு கண்ணாடிபோல் ஊடுருவிப் பார்க்கக் கூடியதாகிவிடும். இதயத்தின் நிழலுக்குள்ளேயும் ரத்தக்குழாய்கள் தெரியத் தொடங்கும், முதுகெலும்பின் விளிம்பு மங்கலாக வரும். படம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். அந்தச் சாம்பலில்தான் செய்தி இருக்கிறது.

இதில் ஒரு விலக்கும் உண்டு. கீழே விழுந்து விலா எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்கும்போது அதே நெஞ்சை 70 கிலோவோல்ட் அளவில் எடுப்பதே சரி. நுரையீரல் கட்டிக்குள் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் குறைந்த மின்னழுத்தம் உதவும். உறுப்பு ஒன்றே, கேள்விதான் வேறு. மருத்துவர் சீட்டில் ‘நெஞ்சு எக்ஸ்-ரே’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் டெக்னீஷியனுக்கு அந்தக் கேள்வி போய்ச் சேர்வதில்லை.

நம் ஊரில் நெஞ்சுப் படம் என்றாலே காசநோய்தான் முதலில் நினைவுக்கு வரும். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிடுகிறவர்களும் சானடோரியத்தில் தங்குகிறவர்களைப் போலவே குணமடைகிறார்கள் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. நோயாளியின் முன்னேற்றத்தை அளந்ததில் தொடர் எக்ஸ்-ரே படங்களுக்கும் பங்கு இருந்தது. போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மின்னழுத்தமும் எக்ஸ்போஷரும் மாறியிருந்தால், ஆறாத புண் ஆறியதாகவும் ஆறிய புண் பரவியதாகவும் தோன்றிவிடும். காசநோய்க்குப் பிடித்தமான இடம் நுரையீரலின் உச்சி. காறை எலும்பும் முதல் விலா எலும்பும் அதன்மேல் வந்து விழும். அங்கே எலும்பை மங்கவைக்கும் உயர் மின்னழுத்தம் இல்லாவிட்டால் எலும்பைத்தான் படித்துக்கொண்டிருப்போம்.

மாமோகிராமின் வரலாறு இதற்கு நேர்மாறான போராட்டம். பெர்லினில் ஆல்பர்ட் சாலமன் 1913இல் அறுவை செய்து எடுத்த ஆயிரக்கணக்கான மார்பகங்களை எக்ஸ்-ரே எடுத்து ஆராய்ந்தார். உருகுவேயின் ரவுல் லெபோர்ன் மார்பகத்தை அழுத்திப் பிடித்து எடுப்பதையும், புற்றுக்குள் காணும் மணல்போன்ற சுண்ணாம்புப் பொடிகளையும் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் வலியுறுத்தினார். 1960இல் ஹூஸ்டனில் ராபர்ட் ஈகன் குறைந்த கிலோவோல்ட், அதிக எம்.ஏ.எஸ் என்ற முறையை ஒழுங்குபடுத்தினார். ஆனாலும் எலும்பைப் படம் எடுக்கச் செய்த டங்ஸ்டன் குழாயை வைத்துக்கொண்டுதான் எல்லாரும் திண்டாடினார்கள். திருப்பம் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் 1960களின் நடுவில் வந்தது. சார்ல் க்ரோ டங்ஸ்டனுக்குப் பதில் மாலிப்டினத்தை ஆனோடாக வைத்தார். மாலிப்டினம் 17.5, 19.6 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் தனக்கே உரிய கதிர்களைக் கொத்தாகத் தரும். மார்பகத்துக்குத் தேவையான ஆற்றல் அதுவே. 0.03 மில்லிமீட்டர் தடிமனுள்ள மாலிப்டினத் தகடு ஒன்றையே வடிகட்டியாக வைத்தால், 20க்கு மேலே இருக்கும் கதிர்களை அது விழுங்கிவிடும். ஓர் உலோகம் தான் தரும் கதிரைத் தடுக்காமல் விட்டு, வேண்டாததை மட்டும் தடுக்கும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. இவ்வளவு மென்மையான கதிர் சாதாரணக் குழாயின் கண்ணாடியிலேயே தேங்கிவிடும் என்பதால் வெளிவரும் வாசலை பெரிலியத்தால் அமைத்தார்கள்.

மென்மையான கதிருக்கு விலை உண்டு. மார்பகத்தில் ஒரு சென்டிமீட்டர் தாண்டினாலே கதிரில் பாதி நின்றுவிடும். நாலரை சென்டிமீட்டர் தடிமனைக் கடந்து வெளியே வருவது நூற்றில் ஐந்தாறு பங்கு. அதனால்தான் எம்.ஏ.எஸ் அவ்வளவு கூடுகிறது, நேரமும் நீள்கிறது, சுரப்பித் திசு வாங்கும் கதிரும் கூடுகிறது. நெஞ்சுக்கோ 120 கிலோவோல்ட்டில் கதிர் தாராளமாக ஊடுருவும், எம்.ஏ.எஸ் சொற்பம். நெஞ்சுப் படம் ஒன்றின் கதிர்ப்பொழிவு ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நமக்கு எப்போதும் வந்துகொண்டிருக்கும் இயற்கைக் கதிரில் மூன்று நாள் பங்கு அது. இரு மார்பகங்களுக்கும் நான்கு படம் எடுத்தால் 0.4 அளவு, இரண்டு மாதப் பங்கு. இருபது மடங்கு என்று கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் இரண்டுமே சிறிய அளவுகள். பயந்துகொண்டு மாமோகிராமைத் தள்ளிப்போடுகிற பெண்களிடம் இதை யாராவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

அழுத்துவதைப் பற்றியும் அப்படியே சொல்ல வேண்டும். தட்டு இறங்கி 10, 15 கிலோ எடைக்குச் சமமான விசையில் மார்பகத்தை அழுத்தும்போது வலிக்கத்தான் செய்யும். ‘ஏன் இப்படி நசுக்குறாங்க’ என்ற கேள்விக்குப் பல இடங்களில் பதில் கிடைப்பதில்லை. 6 சென்டிமீட்டர் தடிமனை நாலரை ஆக்கினால் வெளிவரும் கதிர் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கூடுகிறது. அந்த அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைக்கலாம். சிதறல் குறைகிறது, அதனால் கான்ட்ராஸ்ட் கூடுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த திசுக்கள் பரவி விரிகின்றன. ஒரு நொடி நீளும் எக்ஸ்போஷரில் அசைவு நின்றுவிடுகிறது, அசைந்தால் 0.2 மில்லிமீட்டர் சுண்ணாம்புப் பொடி கரைந்து காணாமல் போகும். தடிமன் முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஆவதால் காம்புப் பக்கம் கருகாமலும் நெஞ்சுப் பக்கம் வெளுக்காமலும் வருகிறது. இத்தனையும் ஒரே அழுத்தத்தில். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் மார்பகத்தில் நோவு குறைவாக இருக்கும், அப்போது வரச்சொன்னால் பாதிச் சிரமம் தீரும்.

நெஞ்சுப் படத்தில் அழுத்தத்துக்கு ஈடாக நிற்பது மூச்சு. ‘மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க’ என்ற குரலைக் கேட்காதவர் குறைவு. இழுத்த மூச்சு நுரையீரலைக் காற்றால் விரிக்கிறது, உதரவிதானத்தைக் கீழே தள்ளுகிறது, ரத்தக்குழாய்களைப் பிரித்துவைக்கிறது. பின்புற விலா எலும்புகளில் ஒன்பதாவது அல்லது பத்தாவது வரை நுரையீரல் தெரிந்தால் மூச்சு போதுமானது. பாதி மூச்சில் எடுத்த படத்தில் அடிப்பகுதி வெளுத்து நிமோனியாபோலத் தோன்றும், இதயம் வீங்கியதுபோல் அகன்று நிற்கும். நாம் ஏற்றும் கிலோவோல்ட்டைவிட நோயாளி இழுக்கும் மூச்சு கான்ட்ராஸ்ட்டை அதிகம் மாற்றும் தருணங்கள் உண்டு. நோயும் எக்ஸ்போஷரை மாற்றும். நுரையீரல் வீக்க நோயில் காற்று தேங்கிக் கிடப்பதால் வழக்கமான எக்ஸ்போஷரே படத்தைக் கருக்கிவிடும், குறைக்க வேண்டும். நெஞ்சில் நீர் கோத்திருந்தால் கூட்ட வேண்டும்.

சிதறல் இரண்டு அறைகளுக்கும் பொது எதிரி. திசைமாறிய கதிர்கள் படம் முழுவதும் சாம்பல் பூசுகின்றன. அவற்றைத் தடுக்க 1913இல் குஸ்டாவ் பக்கி ஈயத் தகடுகளாலான கிரிட்டைக் கொண்டுவந்தார். பிறகு ஹோலிஸ் பாட்டர் அதை நகர்த்தி, தகடுகளின் கோடுகள் படத்தில் விழாமல் செய்தார். நம் டெக்னீஷியன்கள் இன்றும் ‘பக்கி’ என்றுதான் சொல்கிறார்கள். நெஞ்சுக்கு 10:1, 12:1 விகிதமுள்ள கிரிட்; தடிமனும் அதிகம், சிதறலும் அதிகம். மார்பகத்துக்கு 4:1, 5:1 போதும். வலுவான கிரிட் வைத்தால் மென்மையான நேர்க்கதிரையே அது தின்றுவிடும். சின்னஞ்சிறு பொடிகளைப் பெரிதாக்கிப் பார்க்கும் படத்தில் மார்பகத்துக்குக் கிரிட்டே வைப்பதில்லை. மார்பகத்தைப் படம் விழும் ஏந்துபரப்பிலிருந்து தள்ளிவைத்தால் சிதறிய கதிர் பக்கவாட்டில் விலகிப்போய்விடும். நெஞ்சுக்கும் இதே காற்றிடைவெளி முறை உண்டு. எதிரெதிராகப் போகும் இரண்டு முறைகளும் கைகுலுக்கும் ஓரிடம் இது.

தூரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெஞ்சுக்குக் குழாயை 180 சென்டிமீட்டர் தள்ளிவைப்பது இதயம் பெரிதாகத் தெரியாமலிருக்க. நோயாளி ஏந்துபரப்பைக் கட்டிப்பிடித்து முதுகைக் குழாய்க்குக் காட்டி நிற்பதும் அதற்காகத்தான். மாமோகிராமில் தூரம் 65 சென்டிமீட்டர் அளவே. தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நான்கில் ஒன்றாகிவிடும். மென்மையான கதிரை அப்படி வீணாக்கக் கட்டாது. கிட்டே வந்ததால் விளிம்பு மங்காமலிருக்கக் கதிர் பிறக்கும் புள்ளியை 0.3 மில்லிமீட்டராகச் சுருக்கினார்கள். சாய்ந்த ஆனோடிலிருந்து வரும் கதிர் ஒரு பக்கம் வலுத்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருக்கும். நெஞ்சுப் படத்தில் தூரம் அதிகமானதால் அது அவ்வளவாகத் தெரியாது. மாமோகிராமில் அதையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்: வலுத்த பக்கம் தடித்த நெஞ்சுச் சுவருக்கு, மெலிந்த பக்கம் காம்புக்கு.

போதுமான கதிர் வந்ததும் எக்ஸ்போஷரைத் தானாக நிறுத்தும் கருவி ஃபிலிம் காலத்தில் எங்கே இருந்தது என்பதிலும் இதே எதிர்மறை உண்டு. நெஞ்சுக்கு அது கேசட்டின் முன்னால். 120 கிலோவோல்ட் கதிர் அதைத் தடம் தெரியாமல் கடந்துவிடும். மாமோகிராமில் முன்னால் வைத்தால் அதன் நிழலே படத்தில் விழுந்துவிடும் என்பதால் கேசட்டின் பின்னால் வைத்தார்கள். ஃபிலிமும் அப்படியே. நெஞ்சுக்குப் பரந்த அளவுக் கறுப்பு வெள்ளையை வாங்கிக்கொள்ளும் மென்மையான ஃபிலிம். மார்பகத்துக்குச் சிறு வித்தியாசத்தையும் பெரிதாக்கும் கடுமையான ஃபிலிம். கடுமையான ஃபிலிம் அடர்ந்த மார்பகத்தைக் கைவிட்டது. சுரப்பி மிகுந்த பகுதி முழுவதும் ஒரே வெள்ளையாகிவிடும். 2005இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வு ஒன்று சுமார் 49,500 பெண்களுக்கு ஃபிலிமிலும் டிஜிட்டலிலும் படமெடுத்து ஒப்பிட்டது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது இரண்டும் ஒன்றே. 50 வயதுக்குக் குறைந்தவர்களிலும் அடர்ந்த மார்பகம் உள்ளவர்களிலும் டிஜிட்டல் முந்தியது.

டிஜிட்டல் வந்தபின் கான்ட்ராஸ்ட்டைத் திரையில் கூட்டிக் குறைக்க முடிகிறது. அதனால் கிலோவோல்ட்டும் எம்.ஏ.எஸ்ஸும் இனி முக்கியமில்லை என்று நினைப்பது ஆபத்து. குறைந்த கதிரில் எடுத்த படத்தைத் திரையில் எவ்வளவு சீர்செய்தாலும் புள்ளிப்புள்ளியான இரைச்சல் போகாது. அதுவே சுண்ணாம்புப் பொடியை மறைக்கும். மாமோகிராமில் இதைப் புரிந்துகொண்டு டங்ஸ்டன் ஆனோடுக்கு ரோடியம், வெள்ளி வடிகட்டி என்று கொஞ்சம் வலுத்த கதிருக்கு நகர்ந்தார்கள். குறையும் கான்ட்ராஸ்ட்டைத் திரை ஈடுசெய்கிறது, கதிரும் மிச்சமாகிறது. நெஞ்சுப் படத்தில் நடந்தது வேறு. ஃபிலிமில் கதிர் கூடினால் படம் கருகும், தவறு அங்கேயே தெரிந்துவிடும். டிஜிட்டலில் நான்கு மடங்கு கதிர் கொடுத்தாலும் படம் அழகாகவே வரும், இன்னும் அழகாகக்கூட வரும். தானியங்கிக் கருவி இல்லாத நடமாடும் எக்ஸ்-ரேயில், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், எம்.ஏ.எஸ் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். யாரும் புகார் சொல்வதில்லை. இதைத் தடுக்கத்தான் 2008இல் சர்வதேசத் தரம் ஒன்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விலகல் எண்ணை வகுத்தது. அது 0 என்றால் கதிர் சரி. +3 என்றால் இரண்டு மடங்கு. -3 என்றால் பாதி. திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் அந்த எண்ணைப் பார்க்கும் பழக்கம் இன்னும் பரவவில்லை.

உடம்பில் இருப்பவையும் இரண்டு அறைகளிலும் வேறுவேறாக ஏமாற்றும். நெஞ்சுப் படத்தில் நம் பெண்களின் பின்னல் தோளில் கிடந்தால் நுரையீரல் உச்சியில் காசநோய்த் திட்டுபோல் விழும். தாலிக்கொடியும் ரவிக்கை ஊக்கும் வெளிப்படையாகத் தெரிவதால் ஆபத்தில்லை. தெரியாமல் நுழையும் பின்னல்தான் மோசம். மாமோகிராமில் அக்குளில் பூசிய வாசனைப் பூச்சிலும் பவுடரிலும் இருக்கும் உலோகத் துகள் புற்றின் சுண்ணாம்புப் பொடியாகவே தோன்றும். கான்ட்ராஸ்ட்டைப் பிழிந்து எடுக்கும் முறை பொய்யையும் சேர்த்துப் பிழிகிறது. பூசாமல் வரும்படி முந்தின நாளே சொல்லிவிட்டால் இரண்டாவது எக்ஸ்போஷர் வேண்டியதில்லை.

தரச் சோதனையில் மட்டும் இரண்டுக்கும் நியாயம் ஒன்றாக இல்லை. அமெரிக்கா 1992இல் மாமோகிராபிக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. 4.2 சென்டிமீட்டர் மார்பகத்துக்கு ஈடான மாதிரி ஒன்றைப் படமெடுத்து, அதற்குள் புதைத்திருக்கும் இழைகளில் நான்கு, பொடிக் கூட்டங்களில் மூன்று, கட்டிகளில் மூன்று என்று இவ்வளவாவது தெரிய வேண்டும், கதிர் 3 மில்லிகிரேக்கு மேல் போகக் கூடாது என்று விதி வந்தது. மாமோகிராமின் தரம் உயர்ந்ததற்கு இந்தச் சோதனை வழக்கமானதும் ஒரு காரணம். அதைவிடப் பல மடங்கு அதிகமாக எடுக்கப்படும் நெஞ்சுப் படத்துக்கு நான் அறிந்த மையங்களில் இப்படி ஒரு வாராந்தரச் சோதனை இல்லை. இதயத்தின் பின்னால் ரத்தக்குழாய் தெரிகிறதா, எத்தனை விலா எலும்பு வரை மூச்சு எட்டியது, விலகல் எண் என்ன, எத்தனை படங்களைத் திரும்ப எடுத்தோம், ஏன் என்று வாரம் ஒருமுறை பத்துப் படங்களை எடுத்துவைத்துப் பார்க்க எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. மாவட்ட மருத்துவமனைகளிலிருந்து அதைத் தொடங்கலாம். காசநோயைத் தேடும் படங்கள் மிகுதியாக வரும் இடங்கள் அவைதான்.